மூன்றுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று

1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மேல்காற்று விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது என்றாலும் அதன் ஈரம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து, நுழைவுத் தேர்வு எழுத உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. நானும் அந்தத் தேர்வை எழுத வந்தவன்தான். ஆனால் எண்ணி முடிக்காமல் உள்ளே போக மனம் வரவில்லை.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தப் போனார்கள். அதுவரை இருநூற்றுப் பதின்மூன்று பேர். ஓடிப்போய் நுழைந்தேன். நான் இருநூற்றுப் பதினான்கு.

இந்த எண்ணும் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. இப்போது என் மாத்திரைகளை நாளுக்கு இரண்டு தடவை எண்ணுகிறேன், மருமகள் சிரிக்கிறாள். அந்த வயதில் யாரும் சிரிக்கவில்லை. கணக்குத் தெரிந்த பையன் என்று முத்தியால்பேட்டையில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரே என்னைக் கெடுத்தது என்று சொன்னால் அது பழியை ஊர் தலையில் போடுவதாகும்.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளித் தேர்வில் தேறிய எல்லோருக்கும் ஒரே கேள்வி, எந்தக் கல்லூரி என்பது. இரண்டு இருந்தன. பெயர் வேண்டாம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்ததைக் கிழக்குக் கல்லூரி என்றும் மற்றதை மேற்குக் கல்லூரி என்றும் சொல்கிறேன். கிழக்கில் எல்லாம் பிரெஞ்சு. மேற்கில் எல்லாம் இங்கிலீஷ். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. காகிதத்தில் இன்னும் முழுதாக மாறவில்லை என்றார்கள். பிரெஞ்சு படித்தால் கப்பல், இங்கிலீஷ் படித்தால் ரயில் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள், சத்தமும் இருந்தது.

எனக்கு இந்தப் பேச்செல்லாம் அளக்க முடியாத பேச்சாகத் தோன்றியது. நான் வேறொரு அளவு கண்டுபிடித்தேன். எந்தக் கல்லூரி அதிகம் பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறதோ அதுவே உயர்ந்தது. மேற்குக் கல்லூரிக்கு மனுப் போட்டவர்கள் நூற்றைம்பது பேர். அதை அங்கிருந்த பியூனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடம் நூறு. மூன்றுக்கு இரண்டு. கிழக்குக் கல்லூரியில் இடம் முப்பத்தாறு. இருநூற்றுப் பதினான்கை முப்பத்தாறால் வகுத்தால் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறுக்கு ஒன்று. இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது?

மேற்குக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு மே மாதக் கடைசியிலேயே முடிந்திருந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். நான் பிரெஞ்சு போலப் படித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரில் இருவர் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் கணக்கில் கேட்ட ஐந்துக்கும் சரியாகச் சொன்னேன். ஒன்பதாவது இடம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாவது என்றதும் மகிழ்ந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வகுத்துப் பார்த்தேன். மகிழ்ச்சி போய்விட்டது.

எங்கள் தெருக்கோடியில் கயிறும் பாயும் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரின் மகன் எனக்குப் பள்ளித் தோழன். அவனுக்கு மேற்குக் கல்லூரியில் அறுபத்தொன்றாவது இடம். கிழக்குத் தேர்வை அவன் எழுதவே இல்லை. தேர்வு முடிந்த அன்று மாலை கடைக்குப் போனேன். அவன் தேங்காய்நார்க் கயிறு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி பேருடா?" என்றான், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எர்நூத்திப் பதினாலு."

"உன்னையும் சேத்தா?"

"சேத்துத்தான்."

"அதான பாத்தேன். பரீச்ச எழுதப் போனியா, ஆளு எண்ணப் போனியா? வாப்பா, இவன கடையில வச்சிக்கலாம், கொசுவையும் எண்ணிச் சொல்லுவான்."

அவன் வாப்பா என்று கூப்பிட்ட அப்பா பாய் அடுக்கின் மேலிருந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"உன் காலேஜுல மூணு பேர் போனா ரெண்டு பேர உள்ள தள்றான்," என்றேன். "வெளிய நிக்கிற அந்த ஒருத்தனத்தான் நான் பாக்கணும். அவன் எப்பிடித்தான் தேறாமப் போனானோ."

"பாத்துடா. அது நீயா இருந்துடப் போற." கயிற்றைச் சுருட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான். "எனக்கு அந்த நூறுல ஒரு எடம் போதும்டா. நடந்து போயி நடந்து வரலாம்."

அவனுக்கு ஆசையில்லை என்று அன்று நினைத்தேன்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். பத்தொன்பது வருடம். சைகோனில் பாதி, ஆப்பிரிக்காவில் மீதி. சார்ஜண்டாகத் திரும்பினார், இடது காலை இழுத்துக்கொண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கஜானாவில் பென்சன் வாங்குவார். அன்று மட்டும் கம்பளிக் கோட்டுப் போட்டு, அதில் நான்கு மெடல்களையும் குத்திக்கொண்டு போவார். வேர்த்துக் கொட்டும். கழற்ற மாட்டார். வழியில் பார்க்கிற இன்னொரு சொல்தாவுக்கு சலாம் வைப்பார். மற்ற நாட்களில் பனியனும் கைலியுமாக, எங்கள் தெருவின் எந்தக் கிழவரையும் போலத்தான் இருப்பார்.

தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் அவர் புளி போட்டு மெடல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாத்துக்கு இப்ப கோட்டு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"கஜானாவுல ஒரு கையெழுத்து பாக்கி."

"அங்க போயி வேர்த்து வடிஞ்சிக்கினு நில்லு. ஊட்டுல தொவைக்க ஒருத்தி இருக்கறா."

ஏப்ரல் பென்சன் வாங்கியாயிற்று, அடுத்தது ஜூலையில்தான் என்பது எனக்குத் தெரியும். நடுவில் கையெழுத்து எதுவும் கிடையாது. மாத்திரை, படி, பேருந்துக் கட்டணம், எதுவும் என் கணக்கிலிருந்து தப்பியதில்லை. அன்றைக்கு அது மட்டும் தப்பியது. தப்பியது என்பதும் சரியில்லை. அதை எண்ணாமல் விட்டேன்.

ஜூன் கடைசியில் கிழக்குக் கல்லூரியின் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தாறு பெயர், அகர வரிசையில். யார் முதல், யார் கடைசி என்று போடவில்லை. என் பெயர் இருந்தது. அதை மூன்று தடவை படித்துவிட்டு நேராக மேற்குக் கல்லூரிக்குப் போனேன்.

போகவேண்டிய தேவையே இல்லை. இடம் வேண்டாதவன் பணம் கட்டாமல் இருந்தால் போதும். ஆனால் போனேன், முதல்வரைப் பார்க்கவேண்டும் என்றேன், விட்டார்கள். நெற்றியில் விபூதி இட்ட மெலிந்த மனிதர். என் சீட்டை மேசையில் வைத்து, இந்த இடம் எனக்கு வேண்டாம் என்றேன்.

"ஒன்பதாவது ராங்க். நல்ல இடமாச்சே," என்றார். "ஊரை விட்டுப் போறீங்களா?"

"இல்ல சார். அங்க கெடச்சிருக்கு. அங்க ஆறுக்கு ஒண்ணுதான் சார் எடுக்கறாங்க. இங்க மூணுக்கு ரெண்டு."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "இன்னும் அம்பது பேருக்குப் பெஞ்சு இருந்தா நாங்க அந்த மூணாவது ஆளையும் சேத்துக்குவோம் தம்பி," என்றார். "பெஞ்சுதான் இல்ல." பிறகு சீட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அப்போது அது தோற்றவரின் பேச்சாக எனக்குப் பட்டது.

கிழக்குக் கல்லூரி ஜூலை 7ஆம் தேதி திறந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் வகுப்பில் யாரும் தாமாக உட்காரக்கூடாது. மாணவர்கள் எல்லோரும் சுவர் ஓரமாக நிற்கவேண்டும். ஆசிரியர் தேர்வில் முதலாவது வந்தவன் பெயரைப் படிப்பார், அவன் முன் பெஞ்சில் இடது மூலையில் உட்காருவான். அவன் பக்கத்தில் இரண்டாவது. இப்படியே பின்னால் வரும். அடுத்த தேர்வு வரை அதுதான் இடம். உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே ஒருவனுடைய தரம் தெரியும். இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டபோது, எனக்காகவே ஏற்பட்டது போல மகிழ்ந்தேன்.

பெயர்களைப் படித்தார். பத்துக்குள் நான் இல்லை. பரவாயில்லை என்று நினைத்தேன். இருபதுக்குள்ளும் இல்லை. இருபத்தைந்திலிருந்து மிச்சம் எத்தனை என்று எண்ணினேன். முப்பதாவது பெயரைப் படித்து, அவன் உட்கார்ந்ததும் ஆசிரியர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சுவர் ஓரமாக ஆறு பேர் மிஞ்சியிருந்தோம்.

"சொல்தா வீட்டுப் பிள்ளைங்க," என்றார், சாதாரணமாக. "உங்களுக்குத் தர வரிசை கிடையாது. கடைசி பெஞ்சுல எப்படி வேணா உக்காந்துக்கோங்க."

உட்கார்ந்திருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு நின்றவர்களில் ஒருவன், ரெட்டியார்பாளையத்துப் பையன், என் தோளைத் தட்டினான்.

"வாடா. கடைசி பெஞ்சுலதான் ஜன்னலு. காத்து வரும்."

அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அவர்கள் ஐந்து பேருக்கும் இல்லை. பட்டாளத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆறு இடம் ஒதுக்குவது பழைய ஏற்பாடு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் தேர்வே எழுதவில்லை. எழுதியது நான் ஒருவன்தான்.

காற்று வந்தது. நான் அங்கே உட்கார்ந்துகொண்டு மறுபடியும் வகுத்தேன். இருநூற்றுப் பதினான்கிலிருந்து என்னைக் கழிக்கவேண்டும், முப்பத்தாறிலிருந்து ஆறைக் கழிக்கவேண்டும். இருநூற்றுப் பதின்மூன்றுக்கு முப்பது. ஏழுக்கு ஒன்று. நான் நினைத்ததைவிடக் கடினமான கல்லூரிதான். அதன் உள்ளே உட்கார்ந்திருந்தும் நான் அதில் சேர்ந்தவனில்லை.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போனேன். காரைக்கால் பக்கத்து மனிதர், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், மெதுவாகப் பேசுவார்.

"முசியே, என் பேப்பர்ல எத்தினி மார்க்கு?"

"எந்தப் பேப்பர்?"

"பரீச்ச எழுதனேனே."

அவருக்கு நினைவு வர நேரம் பிடித்தது. "ஓ, அது நீதானா? ஒதுக்கின பட்டியல்ல பேர் வந்துட்டா பேப்பரத் திருத்த மாட்டோம். உங்க அப்பா வந்து சொன்னதும் அத எடுத்துத் தனியா வச்சிட்டோம்."

"இப்ப திருத்த முடியுமா முசியே?"

"எதுக்கு?"

"தெரிஞ்சிக்கத்தான்."

அவர் புத்தகங்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி, திருத்தறேன். முப்பதுக்குள்ள நீ வர்றன்னா, உள்ள இருக்கற ஒருத்தன நான் எழுப்பி அனுப்பணும். வரலன்னா நீ எழுந்து போயிடணும். போயிடுவியா?"

போய்விடுவேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாத சில நிமிடங்களில் அதுவும் ஒன்று.

"போ தம்பி," என்றார் அவர், அன்பாகவே. "கிடைச்சத படி."

அந்த மார்க் எனக்கு இன்று வரை தெரியாது. பிரெஞ்சு முறைப்படி இருபதுக்கு எத்தனை என்று சில இரவுகளில் நானே போட்டுப் பார்ப்பேன். பதினொன்று வரும். ஒன்பதும் வரும்.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் கைலியோடு உட்கார்ந்து, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏம்ப்பா போன?"

"எங்க?"

"காலேஜுக்கு. மெடலக் குத்திக்கினு."

தேய்ப்பதை நிறுத்தினார். "எனக்கு உள்ளத நான் கேட்டேன். பிச்ச கேக்கல. பத்தொம்போது வருஷம் வெள்ளக்காரனுக்குக் காவல் நின்னதுக்கு எனக்குக் கெடச்சது இந்தக் காலும் அந்த எடமுந்தான்."

"நான்தான் பரீச்ச எழுதனேனே."

"எழுதன. நல்லாத்தான் எழுதியிருப்ப. மரம் ஏறத் தெரிஞ்சவனும் இடுப்புல கயிறு கட்டறான் இல்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணான்னுவ."

"எல்லார் முன்னாடியும் செவுத்துல நிக்க வச்சாங்கப்பா."

"ஆரோட?"

"சொல்தா புள்ளைங்களோட."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுல என்னடா அவமானம்?"

உள்ளே போனேன். அம்மா தட்டு வைத்தாள். சாப்பிட்டேன்.

மறுவாரம் கிழக்குக் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு மேற்குக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். கயிற்றுக்கடை நண்பன் என்னைப் பார்த்துவிட்டு வந்தான். நான் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வான் என்று காத்திருந்தேன். "சாரு ரூம்புலதான் இருக்கறாரு. இப்பவே போ, அப்பறம் கிளாஸ் எடுக்கப் போயிடுவாரு," என்றான். திட்டியிருக்கலாம்.

முதல்வர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் இடத்தை, நான் வேண்டாம் என்ற அன்று மாலையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தவளக்குப்பத்தில் நிலம் உழுகிறவர் மகனாம், நூற்றுக்கு அடுத்து நின்றவனாம். நூற்று ஒன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பெஞ்சில் இடம் இல்லை, ஸ்டூல் ஒன்று நானே கொண்டுவரவேண்டும், தாமதத்துக்கு அபராதம் உண்டு என்றார். "அப்பாவ அழைச்சிட்டு வாங்க. அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அது இங்க எல்லாருக்கும் உள்ள விதி."

அப்பா மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் காலை எழுந்து புளியை எடுத்தார். கோட்டை உதறி ஆணியில் மாட்டினார்.

"அந்தக் கோட்டு வேணாம்ப்பா," என்றேன்.

ஒரு மெடல் அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போடத்தான போறோம்," என்றார்.

"வேணாம்."

வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டார். அந்தக் காலோடு மேற்குக் கல்லூரி வரை நடக்கமுடியாது என்பதால் ரிக்‌ஷா பிடித்தேன். வழியில் இன்னொரு சொல்தா கோட்டோடு எதிரே வந்தார். அப்பா கையைத் தூக்கவில்லை, வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டார்.

முதல்வர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. நான் நின்றேன், அவரும் நின்றார். ஒரு படிவத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு முதல்வரே எழுதினார். ஊர், தெரு, வயது.

"ஐயாவுக்கு என்ன தொழில்?"

எங்கள் தெருவில் இந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொல்லும் விதம் எல்லோருக்கும் தெரியும். குதிகாலைச் சேர்த்து வைத்து, பட்டாளத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்வார், பிரெஞ்சில். சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே கேட்பார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. சிவப்புச் சிமெண்டுத் தரை.

"சும்மாத்தான் இருக்கறேன் சார்," என்றார். "வீட்ல."

முதல்வர் அதை எழுதினார். அப்பா குனிந்து கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பென்சன் பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி மேசையில் வைத்தார். திரும்பும்போது ரிக்‌ஷாவில் அவர் இடது காலை நீவிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்தார். நான் பட்டம் வாங்கியதையும், வேலைக்குப் போனதையும் பார்த்தார். அந்தக் காலையைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

கல்லூரி மாறியதற்கு ஆன செலவை எழுதுகிறேன். மேற்குக் கல்லூரியின் கல்விக் கட்டணம் எப்படியும் கட்டவேண்டியது, அதைச் சேர்க்கவில்லை. கிழக்குக் கல்லூரியில் கட்டித் திரும்பி வராதது ஐம்பத்திரண்டு ரூபாய். தாமத அபராதம் பத்து. ஸ்டூல் நான்கு ரூபாய் இருபத்தைந்து. அப்பாவுக்கு ரிக்‌ஷா, போக வர, ஐம்பது நயா பைசா. மொத்தம் அறுபத்தாறு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.